சூரியனின் எண்கள்

"கார்மோடி கண்ணை மூடிக்கொண்டு சூரியனின் எண்களைப் போட்டிருக்கிறார்."

விண்ணப்பத்தின் முதல் வரியே இப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார்மோடி என் பேராசிரியர். இரட்டை நட்சத்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹோபார்ட்டில் அவர் அறையில் கற்றது. அவருடைய எழுபத்தோராம் பிறந்தநாளுக்குப் போன மாதம்தான் பாவ்லோவா கேக் செய்து கொண்டுபோனேன்.

எழுதியவர் யாரென்று தெரியாது. விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்பவர்கள் பெயரை மறைத்துத்தான் எழுத வேண்டும். நாங்கள் ஐந்து பேர் கான்பராவில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பிறகுதான் பெயர் திறக்கும். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம்.

"இது ஆராய்ச்சியா, வசவா? தூக்கிப் போடுங்க!" என்று கத்தினேன்.

குழுத் தலைவி ரொவீனா டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "உன் வாத்தியாரைச் சொன்னதும் உனக்குப் பொத்துக்கிட்டு வருதாக்கும்! கணக்கு தப்புன்னா காட்டுடி, தூக்கிடலாம்."

காட்டுகிறேன் பார் என்று சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்தேன்.

இரண்டு ராட்சத நட்சத்திரங்கள். இரண்டிலிருந்தும் வீசும் காற்று நடுவில் மோதி எக்ஸ் கதிர் பிறக்கிறது. இந்த ஜோடியில் கதிர் மங்கல். காற்றே பலவீனம் என்று பதினெட்டு வருடம் முன்பு கார்மோடி எழுதினார். நாங்கள் எல்லோரும் அதையே பாடம் நடத்தினோம்.

ஆனால் அதில் ஒரு நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் பொட்டுக்கூட மிச்சமில்லை. அதன் காற்றில் இருப்பது ஹீலியமும் கார்பனும். நாமாக மாற்றாவிட்டால் கணினி ஹைட்ரஜன் நிறைந்த சூரியனின் கலவையையே எடுத்துக்கொள்ளும். கார்மோடி மாற்றவில்லை. கார்பனைச் சரியாகப் போட்டால் காற்று பலமாகத்தான் வீசுகிறது, கதிரும் பிரகாசமாகத்தான் பிறக்கிறது. வெளியே வருவதற்குள் கார்பன் அதை விழுங்கிவிடுகிறது.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அந்தப் பெயரில்லாத ஆள் சொன்னதுதான் வந்தது.

அடுத்த மார்ச்சில் ஜோடி நெருங்கும்போது பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். விட்டால் இன்னும் பதினோரு வருடம் ஆகும்.

"கணக்கு சரிதான்," என்றேன். முதல் மதிப்பெண்ணையும் நானே போட்டேன். மிச்சமிருந்த அந்த ஓர் இடம் அதற்கே போனது. முடிவு வெளியானதும் கார்மோடியைக் கூப்பிட்டு, எவனோ திமிர் பிடித்தவன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன்.

ரொவீனா பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். படித்தாள். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

டெஸ்மண்ட் கார்மோடி, ஹோபார்ட்.

சொந்தப் பழைய கட்டுரையையும் மூன்றாம் மனிதர் எழுதியதுபோலவே குறிப்பிட வேண்டும் என்பதும் எங்கள் விதிதான். அந்த இடத்தில் எல்லோரும் தங்களைக் கொஞ்சம் தடவிக் கொடுத்துக்கொள்வார்கள். கிழவர் அதைச் செய்யவில்லை.

பதினோரு வருடம் கழித்து அவருக்கு எண்பத்திரண்டு. அதுவரை காத்திருங்கள் என்று அவரிடம் சொல்லத்தான் காலையில் நான் அவ்வளவு கத்தியிருக்கிறேன்.