இரைச்சலோடு ஒரு பெட்டி

"புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாசம் கூட ஆகல. பாட்டுப்பெட்டி வாங்க வந்திருக்காளே, பாத்தியளா!"

சுப்புத்தாய் முணுமுணுக்கத்தான் செய்தாள். ஆனால் அது கடை முழுக்கக் கேட்டது. கணவனுக்குச் சோறு கொண்டுவந்தவள், காலித் தூக்குவாளியோடு திரும்பிப் போகவும் மறந்து நின்றாள்.

"சும்மா கெட ஏட்டி" என்றார் அவள் கணவர் அய்யாத்துரை. சங்கரன்கோவிலில் ரேடியோ ரிப்பேர் என்றாலும் மைக் செட் வாடகை என்றாலும் அவர் கடைதான்.

வந்திருந்தவள் ஞானபூரணம். வெள்ளைச் சேலை. கையில் துணி சுற்றிய கிடார். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கிற மின்சாரக் கிடார் அது. அவள் புருஷன் ஜெபமணி பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. தொண்டையில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது.

"வீட்டுல இருந்த ஆம்ப்ளிஃபயர் கருகிப் போச்சு அண்ணாச்சி. அது இல்லாம இந்தக் கம்பியில சத்தமே வராது. சின்னதா, விலை சல்லிசா ஒண்ணு வேணும்."

"ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொண்டுபோற செட் ஒண்ணு கிடக்கு. முப்பது வாட். சல்லிசா முடிச்சுத் தாரேன்."

"ஐயோ, அது தெருவையே எழுப்பிருமே. ஒரு அறைக்குள்ள கேட்டாப் போதும்."

"கச்சேரி வீட்டுக்குள்ள மட்டும்தானாம்" என்றாள் சுப்புத்தாய், கூரையைப் பார்த்து.

அய்யாத்துரை புதுப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மூன்று வால்வு, ஐந்து வாட். வால்வுகள் சூடேறியதும் ஞானபூரணம் முக்காலியில் உட்கார்ந்து கீர்த்தனை ஒன்றை நாலு அடி வாசித்தாள். நாதம் பனிநீர் மாதிரித் தெளிவாக வந்தது. சைக்கிளில் போன ஒருவன் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தான். சுப்புத்தாய்க்கு உடம்பு கூசியது. நடு பஜாரில், வெள்ளைச் சேலையோடு!

"இது வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் தங்கச்சி? சுத்தமா பேசுதே!"

"ரொம்பச் சுத்தமா இருக்கு."

அய்யாத்துரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து, பழைய ரேடியோக் கூட்டுக்குள் தாமே பொருத்தி வைத்திருந்த ஒன்றை இறக்கினார். கம்பியைத் தொடுமுன்பே அது வண்டு அடைபட்டது போல இரைந்தது.

ஞானபூரணம் கண்ணை மூடி வாசித்தாள். நிறுத்திய பிறகும், அந்த இரைச்சலைக் கேட்டபடி இருந்தாள்.

"இதுதான் அண்ணாச்சி."

"இரையுதே தாயி. ஒரு கண்டன்சரை மாத்தினாப் போயிரும். நாளைக்கு வா."

"மாத்திராதீங்க. அப்படியே குடுங்க. இன்னைக்கே வேணும்."

சுப்புத்தாய்க்குப் பழைய கோபம் வேறு கிளம்பியது. சாவுக்குத் துட்டி கேட்கப் போன பெண்களை, அவளையும் சேர்த்துத்தான், வாசலிலேயே நிறுத்தி, "அழுகைச் சத்தம் வேண்டாம், கும்பிடுதேன்" என்று திருப்பி அனுப்பியவள் இந்த ஞானபூரணம். ஊரே வாயில் கை வைத்தது. துக்க வீட்டில் அழக் கூடாதாம்! வாசிக்க மட்டும் செய்யலாமாம்!

"பெட்டி கனக்கும். நீ போற வழிதானே? ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டுப் போ" என்றார் அய்யாத்துரை.

"நானா?"

"பின்ன, நான் தூக்கிட்டுப் போனா கடைய நீ பாப்பியா?"

இரண்டு பெண்களும் பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் வந்ததும் ஞானபூரணம் நின்றாள்.

"இங்கனயே வச்சிருங்க மதினி. நான் உள்ள கொண்டு போயிக்கிடுதேன்."

"அன்னைக்கும் வாசலோட அனுப்புனே. இன்னைக்கு உள்ள வந்து நாலு வார்த்தை கேக்காம நான் போகமாட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் சுப்புத்தாய்.

கட்டிலில் ஜெபமணியின் தாய் படுத்திருந்தாள். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. சுப்புத்தாய் வாயைத் திறக்குமுன், ஞானபூரணம் விரலைத் தன் உதட்டில் வைத்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். பெட்டியை மின்சாரத்தில் செருகினாள். இரைச்சல் அறையை நிறைத்தது.

"பெட்டி சரியாயிட்டா?" கிழவியின் முகம் மலர்ந்தது. "அதே சத்தம்! ஜெபமணி எங்கட்டி?"

சுப்புத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தா, நாற்காலியில உக்காந்திருக்காக அத்தை" என்ற ஞானபூரணம், தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கிடாரை மடியில் வைத்து, ஒரு கம்பியை மெல்ல மீட்டினாள்.

கிழவி சிரித்தாள். பிறகு, வேற்று ஆள் நிற்பதை உணர்ந்தவள் போல முகத்தைத் திருப்பினாள்.

"யாரு தாயி வந்திருக்கது? எம்புள்ள பேசலன்னு தப்பா நினைச்சுக்கிடாத. மருதை டாக்டரு வாயே தொறக்கப்பிடாதுன்னுட்டாரு. தொத்திக்கிடுமாம், எம்பக்கத்துலயும் வரப்பிடாதாம். நான் எது கேட்டாலும் அவனுக்குக் கம்பியிலதான் பதிலு. பெட்டி கெட்டு அதுவும் இல்லாமப் போனதுல எனக்கு உசுரே இல்ல."

சுப்புத்தாயின் கையிலிருந்த காலித் தூக்குவாளி கிணுகிணுத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் கண்ணு இருக்கே. நீ சொல்லு தாயி, இவ சொல்ல மாட்டேங்கா. எம்புள்ள ரொம்ப எளைச்சுப் போயிருக்கானா?"

சுப்புத்தாய் நாற்காலியைப் பார்த்தாள். அங்கே வெள்ளைச் சேலை, குனிந்த தலை, கம்பி மேல் காத்திருக்கும் விரல்கள்.

"இல்ல பெரியம்மா" என்றாள். "நல்லாத் தேறியிருக்காரு."