ஒரே இழையின் இரண்டு முனைகள்

“இங்க வா. வந்து இதைப் பாரு” என்றார் என் வீட்டுக்காரர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்தேன்.

முடியைவிட மெல்லிய பச்சை இழை ஒன்று. இடது பக்கம் வழுவழுவென்று இருந்தது. எந்தக் குட்டையிலும் கிடைக்கிற சாதாரணப் பாசி. கண்ணாடித் துண்டை மெல்ல நகர்த்தினேன். அதே இழையின் வலது பக்கம் வரிசையாக முள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இருபது வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். பாசி தெரியாதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. முள் இல்லாதது உலகத்துக்கே தெரிந்த பழைய இனம். முள் உள்ளது இவர் கண்டுபிடித்து, ஆராய்ச்சி இதழில் முன்பே எழுதிய புது இனம். இரண்டும் ஒரே இழையில் இருக்கிறதென்றால், புது இனம் என்று ஒன்று இல்லவே இல்லை.

மேஜையின் மறுகோடியில் இவருடைய புத்தகத்தின் அச்சுப்படி கிடந்தது. பதினாறு வருட உழைப்பு. பிழை திருத்தி, பதினொரு மணித் தபாலில் சேர்த்தாக வேண்டும். அப்போது மணி பத்தேகால்.

அதில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பாசிகள். முந்நூற்றுப் பதினொன்று அடுத்தவர்கள் கண்டு, அடுத்தவர்கள் பெயர் வைத்தவை. ஒன்றே ஒன்றுதான் இவருடையது.

அந்த ஒன்றுக்காக இவர் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவை போக மிச்ச நேரமெல்லாம் குட்டையும் வாய்க்காலும்தான். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். ஓர் அடக்கத்துக்குப் போனவர் கல்லறைத் தோட்டத்துத் தொட்டியிலிருந்து ஒரு குப்பி அள்ளிக்கொண்டு வந்த கதையும் உண்டு. சபையில் முதுகுக்குப் பின்னால் ‘பாசிப் போதகர்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் வீட்டில் யாராவது காய்ச்சலில் கிடந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பதும் இதே பாசிப் போதகர்தான்.

மற்ற பண்டிதர்கள் பாசியைக் காகிதத்தில் ஒட்டிக் காயவைத்து அடுக்கிவிடுவார்கள். காய்ந்த பாசி யாரையும் காட்டிக்கொடுக்காது. இவர் மட்டும் ஜன்னலோரம் ஜாம் பாட்டில்களில் உயிரோடு வளர்ப்பார். தினமும் தண்ணீர் மாற்றுவார்.

போன வாரம் சபை வேலையாக வெளியூர் போனபோது அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் சுத்தமாக மறந்துபோனேன். பழைய பாசி இருந்த பாட்டிலில் தண்ணீர் பாதிக்குமேல் வற்றிவிட்டது. வற்றிய தண்ணீரில் அதற்கு முள் முளைத்திருக்கிறது.

திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீ மறந்ததும் நல்லதாப் போச்சு” என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே.

“ஏங்க, யாருக்குத் தெரியப் போகுது? பேசாம அனுப்பிடுங்க.”

போதகரின் மனைவி சொல்லக்கூடிய பேச்சு இல்லைதான். சொன்னேன்.

“பாசிக்குத் தெரியும்ல?”

இந்த மனிதருக்குக் கோபமே வராது. எதிரில் இருப்பவருக்குக் கோபம் வர அது போதும். நன்றாகக் கத்தினேன். மற்றதெல்லாம் ஊரான் பிள்ளை, இது ஒன்றுதான் உங்கள் பிள்ளை, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

பழைய இனத்தைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘முள் உள்ளது தனி இனம் அன்று. நீர் வற்றும்போது இதுவே அப்படி மாறுகிறது. புது இனம் என்று நான் முன்பு எழுதியது என் பிழை.’

ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி எழுத மாட்டார்கள். ‘மேலும் ஆராயப்பட வேண்டும்’ என்று மழுப்பிவிட்டு நழுவுவார்கள். இவரோ ‘என் பிழை’ என்ற இரண்டு சொல்லுக்கும் அடியில் கோடு வேறு போட்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு பிடி அதிகம்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. புது இனத்துக்கென்று இருந்த பக்கத்தைப் புரட்டி, மேலே கொட்டை எழுத்தில் இருந்த அதன் பெயரை அடிக்க வேண்டும்.

பேனா அந்தப் பெயருக்கு மேல் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

எத்தனையோ பேருக்குக் கல்லறை ஓரத்தில் நின்று குரல் உடையாமல் ஜெபித்தவர்.

என் முகத்தைப் பார்க்காமலே பேனாவை நீட்டினார்.

“என்னால முடியல. நீயே அடிச்சிடு.”

மணி பத்து ஐம்பது. வாங்கி, ஒரே இழுப்பாக இழுத்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

அடிபட்டவை இரண்டு சொற்கள். முன்னது, அந்த வகைப் பாசிகளுக்கெல்லாம் பொதுவான பேரினப் பெயர்.

பின்னது, எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த பெயர். அதன் கடைசியில் லத்தீன் வால் ஒன்றை ஒட்டியிருந்தார், அவ்வளவுதான்.