மறதிக்கார டீச்சர்

"வேற வகுப்புக்கு மாத்திடுங்க மேடம். அந்த டீச்சர் சரிப்பட்டு வரமாட்டாங்க."

தலைமை ஆசிரியை நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. உட்காருகிற நிலைமையிலா இருந்தாள்?

அவளுடைய நாலு வயசு மகளுக்கு வீட்டில் பெயர் பம்பரம். பெயருக்கேற்ற பிள்ளைதான், சாப்பாட்டைக்கூட ஓடிக்கொண்டே சாப்பிடும். ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரிடத்தில் உட்கார அவளால் முடியாது, அது குறும்புமில்லை, வளர்ப்புக் கோளாறுமில்லை என்றார். சொல்லி என்ன? ரெண்டு மழலையர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நாசூக்காக வழியனுப்பிவிட்டார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் பிள்ளையை எங்கே சேர்ப்பது, தான் எப்படி வேலைக்குப் போவது?

அந்த பயத்தில்தான் இன்று வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். பார்த்ததும் நேரே இங்கே வந்துவிட்டாள்.

டீச்சர் கதை படிக்க ஆரம்பித்தார். முயல் காட்டுக்குள் போனதோ இல்லையோ, "என் கண்ணாடியக் காணோமே" என்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து மேஜைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினார்கள். கண்ணாடி டீச்சர் தலைமேலேயே இருந்தது. கண்ணாடி இல்லாமல் இவ்வளவு நேரம் எப்படிப் படித்தாராம்?

மறுபடி உட்கார்ந்தார்கள். முயல் ஆற்றங்கரைக்கு வந்தது. அதற்குள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேனே என்று டீச்சர் தலையில் கைவைக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளரோடு ஓடினார்கள். அப்புறம் கதையே மறந்துபோய், முயல் எப்படிப் போச்சு என்று எல்லாரையும் தாவிக் காட்டச் சொன்னார்.

"அவங்களுக்கே ஒரு இடத்துல நிலைகொள்ளலை. என் பொண்ணை எப்படி மேடம் உட்கார வைப்பாங்க?"

தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"மறதியா, அவங்களுக்கா? எப்பவோ படிச்சுட்டுப் போன பிள்ளைக்கு எந்தக் காய் பிடிக்காதுன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. ஒரே மூச்சுல கதையை முடிக்கிறவங்க. இந்த மறதியெல்லாம் உங்க பொண்ணு வந்து சேர்ந்த அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது."

அம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆக, இந்த டீச்சரையும் பைத்தியமாக்கியாயிற்று. இங்கேயும் சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"கதை முடியறதுக்குள்ள உங்க பொண்ணு வெளியே ஓடினாளா?"

இல்லை. அது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. முயல் வீடு திரும்பிக் கதவைச் சாத்துகிற வரை பம்பரம் அங்கேதான் இருந்தது. ஒரு கதையை முழுசாகக் கேட்டிருக்கிறது.

கண்ணாடி தொலைவதற்குச் சற்று முன்புதான் அது காலை உதைக்கத் தொடங்கியது. செடி ஞாபகம் வருவதற்கு முன்பு, முட்டிபோட்டு எழப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் டீச்சரின் கண் அந்தப் பக்கம் போய்வந்த பிறகுதான் மறதி வந்திருக்கிறது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாசமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வகுப்பு மாற்றும் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவேயில்லை. ஒன்றுதான் புரியவில்லை.

"அவளை மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு வரச் சொல்லியிருக்கலாமே மேடம்? எதுக்கு எல்லாப் பிள்ளைங்களையும் எழுப்பணும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அவ ஒருத்தியை எழுப்பினா எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பாங்க, நான் மறந்தா என்னைப் பார்த்துத்தானே சிரிப்பாங்கன்னு சொன்னாங்க."