மஞ்சளா, பச்சையா

“இது இன்னா கலரு, சொல்லு நைனா.”

வளர்ப்பு மீன் கடைக்காரன் துளசிராமன் சின்னக் கண்ணாடிக் குழாயை ஸ்டீவனின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

குழாயில் விரலளவு உப்புத் தண்ணீர். அதில் இப்போதுதான் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கியிருந்தான். பக்கத்தில் நிற அட்டை. மஞ்சள் என்றால் தண்ணீரில் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற மீனுக்கு விஷம்.

ஸ்டீவன் பார்த்தான்.

அட்டையிலிருந்த கட்டங்கள் எல்லாம் அவனுக்கு ஒரே வைக்கோல் நிறம்.

பிறவியிலிருந்தே அப்படித்தான். மனைவி ஷைனிக்குக்கூடத் தெரியாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்ப்பதுதான் அங்கே அவன் வேலை. சேரும்போது கண் டாக்டர் தூரத்து எழுத்தை மட்டும் படிக்கச் சொன்னார். படித்துவிட்டான். எட்டு வருஷம் ஓடிவிட்டது.

அவன் மருந்து விடுவான். சோதனை அறையில் மூத்தவளான தமிழ்செல்வி அக்கா குழாயைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்து அளவைச் சொல்வாள். அவன் எழுதிக்கொள்வான். மூத்தவள் என்ற மிதப்பு அவளுக்கு, அடுத்தவன் கண்ணை நம்பமாட்டாள் என்று நினைத்திருந்தான். அந்த மிதப்புக்கு மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறான்.

இந்த மாதக் கடைசியில் அவள் ஓய்வு பெறுகிறாள்.

அதற்கப்புறம் குழாயைப் பிடுங்க ஆள் இல்லை.

வீட்டில் அதன் ருசி ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மகள் சோனியாவுக்காக அறுபது லிட்டரில் கடல்நீர்த் தொட்டி வைத்து, இரண்டு கிளவுன் மீன் விட்டிருந்தான். போன வாரம், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், சோதனைப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து மஞ்சள் என்று முடிவு செய்தான். மறுநாள் காலை ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

மகள் அழவில்லை. “ஏம்ப்பா, நீ டெஸ்ட் பண்ணியே?” என்று மட்டும் கேட்டாள்.

இன்னொரு மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதனால்தான் முதல் ஷிப்ட் முடிந்ததும் தன் ஊரான மீஞ்சூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே இந்தக் கடைக்கு வந்தான். “நானும் மீனு பாக்க வரேன்” என்று, அதே வண்டியில் மேலே போக வேண்டிய அக்காவும் கூடவே இறங்கிவிட்டாள்.

உப்பின் அளவு பார்க்க, கண்ணில் வைத்துப் பார்க்கும் குழலைத் தயங்காமல் எடுத்தான். அதில் கோடு தெரிந்தால் போதும். பிஹெச் பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர். அதுவும் சரி. அம்மோனியாவில் வந்து நின்றுவிட்டான்.

“கம்பெனில தண்ணி டெஸ்ட் பண்ற ஆளு, சொட்டு மருந்த பாத்து முழிக்கிறியே. பாய்லரு இன்னும் வெடிக்கலயா?” துளசிராமன் சிரித்தான்.

ஸ்டீவன் நிற அட்டையைக் குழாயோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான்.

மஞ்சள் என்று சொல்லலாம். பச்சை என்றும் சொல்லலாம்.

“கலர காட்டி அவன இன்னாத்துக்குப்பா பேஜாரு பண்ற? நம்பரு காட்டுற மிசினு இருந்தா அத்த எடு.”

அக்காதான். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. குனிந்து, ஒரு தொட்டியில் இறால் ஒன்று கல்லை மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளசிராமன் உள்ளங்கையளவு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். மருந்து கலந்த குழாயை அதற்குள் செருகிப் பொத்தானை அமுக்கினான். சற்று நேரத்தில் திரையில் ஓர் எண் வந்து நின்றது. யார் பார்த்தாலும் அதே எண்.

ஸ்டீவன் அதை எடுத்துக்கொண்டான்.

இருவரும் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தான். எட்டு வருஷமும் ஒவ்வொரு நாளாகத் திரும்பி வந்தன. ஒவ்வொரு நாளிலும் ஒரு கை நீண்டு குழாயைப் பிடுங்கியது. கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

நடைமேடைக்கு வந்த பிறகு அக்காவே பேசினாள்.

“லேபுக்கும் இத்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன். பெருசு. திங்கக்கிழம வந்துரும்.”

“இன்னா சொல்லிக்கா கேட்ட?”

“எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, கலரு சரியா தெரியலன்னு. போறவள இன்னா பண்ணிடுவானுங்க?”

முப்பது வருஷத்தில் அவள் சொன்ன ஓர் அளவுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

ஸ்டீவன் மீட்டரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

பொன்னேரிப் பக்கம், தண்டவாளம் ஒடுங்கி மறையும் இடத்தில் ஒரு வண்டி முளைத்தது. அவன் கண்ணுக்கு அதன் நெற்றியில் ஒரு வெளிச்சப் பொட்டுதான் தெரிந்தது.

“சென்ட்ரலு போறது” என்று அத்தனை தூரத்திலிருந்தே அதன் பலகையைப் படித்தாள் அக்கா. “என் பீச்சு வண்டி இல்ல, நான் அடுத்ததுல போறேன். நீ ஊட்டுக்குப் போ, பொண்ணு காத்துக்கினு இருக்கும்.”