கடைசி பெஞ்சிலிருந்து

வாசிப்புத் தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. தேறாதவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகாமல் எட்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் இருக்க வேண்டும். மொழி ஆசிரியை விடுப்பில் இருப்பதால் அறிவியல் ஆசிரியையான நான் வந்திருக்கிறேன். தினமும் ஒரு புதுப் பக்கம். அதையே இருபது பேரும் ஒவ்வொருவராக உரக்கப் படிக்க வேண்டும். வழக்கமாக முதல் பெஞ்சிலிருந்து தொடங்குவார்களாம். முதல் பெஞ்சு என்னையே உற்றுப் பார்க்கிறது. கூச்சத்தில் நான் கடைசி பெஞ்சைக் காட்டிவிடுகிறேன். அங்கே இருப்பவள்தான் வகுப்பிலேயே பிசிறில்லாமல் படிப்பவள், பட்டப்பெயர் ரேடியோ. எழுந்து நிற்கிறாள். ஜன்னல் வெயில் புத்தகத்தின் மேல் விழுகிறது. மின்விசிறிக் காற்று பக்கத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவள் விரல் முதல் வரியில் இருக்கிறது, நகரவில்லை. "என்னடி, ரேடியோ ரிப்பேரா?" என்கிறாள் முன்னால் இருப்பவள். வகுப்பு சிரிக்கிறது. அவளும் சிரிக்கப் பார்க்கிறாள், உதடு ஒட்டிக்கொள்கிறது. "தொண்டை சரியில்லையாம்மா?" என்று கேட்கிறேன். அவள் தலையாட்டினால் போதும், உட்கார வைத்துவிடுவேன். அவள் ஆட்டவில்லை. "முதல்ல அவங்க படிக்கட்டுமே மிஸ். நான் எப்பவும் கடைசிதான்." "ஏன்?" என்கிறேன். சிரிப்பு அடங்கிவிட்டது. புத்தகத்தை மெல்ல மூடுகிறாள். விரல் மட்டும் உள்ளே, அந்த முதல் வரியிலேயே இருக்கிறது. "எல்லாரும் படிக்கறத கேட்டுக் கேட்டு அப்படியே சொல்லிடுவேன் மிஸ். எனக்குப் படிக்கத் தெரியாது."