ஒற்றைக் காது குதிரைமனிதன்

விடிந்து ஒரு நாழிகை. கோயில் படியில் மண் பொம்மைகள் பதினொன்று. கொண்டுவந்தவள் மிக்கா. கிரேக்க நாட்டின் தனாக்ரா ஊர்ப் பெண், மறுநாள் கல்யாணம்.

கல்யாணத்துக்கு முன்பு பெண் தன் பொம்மைகளையெல்லாம் ஆர்டெமிஸ் தேவிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றை ஒளித்தாலும் வயிற்றில் பிள்ளை தங்காது என்று பேச்சு.

வருங்கால மாமியார் நிகாரெத்தே குனிந்து பார்த்தாள்.

"பறவை உடம்புக்காரி இருக்கா. சிங்க உடம்புக்காரி இருக்கா. அந்த ஒத்தைக் காது குதிரைமனுசன் எங்கடி? பொண்ணு பாக்க வந்தப்ப உன் மடியிலதானே இருந்தான்?"

மிக்கா மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பல்லு முளைக்கறப்ப இவதான் அந்தக் காதைக் கடிச்சுத் துப்பினா, சம்பந்தி," என்றாள் அம்மா, சிரித்துச் சமாளித்து. "அவன் இல்லாம தூங்க மாட்டா."

"தூங்கறதுக்குத் துணையா என் புள்ள இருக்கான். தேவியை ஏமாத்தற மருமக எனக்கு வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன், கல்யாணம் நடக்காது."

பூசாரியம்மா ஆர்க்கிலா எழுந்து வந்தாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எடுடி."

"வாழப் போற தெஸ்பியாவுல எனக்கு யாரையும் தெரியாது, பூசாரியம்மா. இவன் ஒருத்தன்தான்..."

"எடுன்னேன்."

மேலாடை மடிப்பிலிருந்து குதிரைமனிதன் வெளியே வந்தான். பூசாரி அவனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பழைய பொம்மைகள் கிடக்கும் காணிக்கைக் குழியில் மண் உடைகிற சத்தம் கேட்டது.

மிக்கா விம்மினாள்.

"இவளும் ஒரு பொம்பளையா," என்று அம்மா முணுமுணுத்தாள்.

திரும்பி வந்த பூசாரி, பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடுப்புக் கச்சையைக்கூடக் கட்டத் தெரியலை. இதுல கல்யாணம் வேற. இங்க வா."

அவிழ்த்து, இறுக்கிச் சுற்றி, தானே முடிச்சுப் போட்டாள்.

"வீட்டுக்குப் போற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. மாமியாரும்தான்."

மிக்காவின் அழுகை சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா," என்றாள் நிகாரெத்தே. "கொடுத்ததும் மனசு லேசாயிடுச்சு."

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1931 அக்டோபரில், தெஸ்பியா அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிழவி ஒருத்தியின் கல்லறையைத் தோண்டினார்கள். கல்லில் 'மிக்கா, ஐந்து பிள்ளைகளின் தாய்' என்று வெட்டியிருந்தது. கையருகே மண்ணில் செய்த குதிரைமனிதன் ஒருவன். ஒரு காது இல்லை.