தாடிக்குத் தடை

“தாடியை வழிச்சுப்போட்டு வாங்கோ. இல்லாட்டி வீட்டை போங்கோ.”

சாம்பல் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் சூப்பர்வைசர் தவநாயகி.

மயூரதன் கழுத்திலிருந்த ஐயப்பன் மாலையைத் தொட்டுக் காட்டினான். “விசா கிடைக்கவேணுமெண்டு போட்ட மாலை அக்கா. விரதம் முடியுமட்டும் முகத்திலை கத்தி வைக்கேலாது. வேலையை விட்டாலும் விடுவன், தாடியை எடுக்கமாட்டன்.”

“அப்ப வேலையை விடுங்கோ.”

படகில் வந்தவன். பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியோடு அலைந்து திரிந்து, ட்ருகனினா என்ற இந்த வெளிநாட்டு ஊரில் இந்த ஒரு வேலைதான் அகப்பட்டது. ஆஸ்பத்திரிக் கழிவுகளை எரித்தபின் மிஞ்சும் நச்சுச் சாம்பலைச் சீமெந்தோடு குழைத்துக் கட்டியாக்கும் வேலை. அதற்கும் உலை வைக்கிறாளே பாவி என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“தமிழனுக்குத் தமிழன்தான் எதிரி” என்றார் சிவமணி, அவளுக்குக் கேட்கட்டும் என்றே.

கேட்டது. அவள் அசையவில்லை.

“மாஸ்க் முகத்தோடை ஒட்டவேணும். தாடி இருந்தால் இடைவெளியாலை தூசு உள்ளை போகும். அந்தத் தூசு முழுக்க ஈயம். ஐயப்பனுக்கு இது விளங்கும், உங்களுக்குத்தான் விளங்கேல்லை.”

சத்தம் கேட்டு மனேஜர் சச்சிதானந்தன் வந்தார். மயூரதனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியும் அவரே. அவர் கழுத்திலும் மாலை, முகம் நிறையத் தாடி.

“சாமி காரியத்திலை சட்டம் கதைக்காதையும், தவநாயகி. எல்லாம் ஐயப்பன் பார்த்துக்கொள்வார். சாமி, நீங்கள் உள்ளை போங்கோ.”

எல்லாருக்கும் மனம் குளிர்ந்தது. மனுசன் என்றால் இவரல்லவா மனுசன்.

“என்னை வேலையாலை நிப்பாட்டினாலும் பரவாயில்லை, விடமாட்டன்” என்றாள் தவநாயகி. “இல்லாட்டி ஒண்டு செய்வம், குருசாமி. நாளைக்கு முதலிலை நீங்கள் உள்ளை போய் ஒரு ஷிப்ட் நில்லுங்கோ. உங்களையும் ஐயப்பன் பார்ப்பார்தானே? பிறகு இவரையும் விடுறன்.”

எல்லாரும் குருசாமியைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா?

“அதுக்கென்ன, வாறன்” என்றார்.

மயூரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக இவ்வளவு பெரிய மனிதர் அந்தத் தூசுக்குள் இறங்குகிறாரே என்று, அன்றைய பூசையில் ஐயப்பனோடு குருசாமியையும் சேர்த்துக் கும்பிட்டான்.

மறுநாள் காலை, சொன்னபடியே குருசாமி வந்தார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. மழமழவென்று வழித்திருந்த முகத்தில் மாஸ்க் கச்சிதமாகப் பொருந்தியது.